திரிகைக் கல் தூக்கிய பீமன்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் போராட்டம். பேத்திக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர் அவளை வட்டு எறிதலுக்குத் தேர்ந்தெடுத்து, பெற்றோர் கையெழுத்துக்கென்று ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார். மருமகள் அதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. பேத்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை.

"என்னம்மா, இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"இல்லை அத்தை. ஓட்டப் பந்தயம், பேட்மிண்டன்னா சரி. இது என்னமோ வட்டு, குண்டுன்னு... பொம்பளைப் பிள்ளைக்கு உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடும்கிறாங்க. நாளைக்கு முதுகு, தோள்னு ஏதாவது வந்தா யார் பார்க்கிறது? அப்படியே ஜெயிச்சாலும் அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மூன்று கேள்வி. ஒன்றுகூடத் தப்பான கேள்வி இல்லை. பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள்? பதில் சொல்ல வாயெடுத்தேன், சட்டென்று வரவில்லை. இதே மூன்றையும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பா கேட்டார். அன்றைக்கும் எனக்கு வாயடைத்துத்தான் போயிற்று.

ஆமாம், நானும் வட்டு எறிந்தவள்தான்! சிரிக்காதீர்கள். 1971-ல் மதுரையில் நானும் எட்டாம் வகுப்பு. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கிலோ வட்டை வீசுவேன். மரத்தால் செய்து விளிம்பில் இரும்புப் பட்டை கட்டிய வட்டு அது. பார்க்கச் சின்னத் தோசைக்கல் இரண்டை ஒன்றோடொன்று கவிழ்த்து ஒட்டின மாதிரி இருக்கும். எங்கள் பி.டி. டீச்சர், பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் மாட்டியிருந்தார். தூண் மாதிரி ஒரு வாலிபர். கீழே டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்தில், 'பிரவீண்குமார், பாங்காக், தங்கம்.' அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு ஓடுவோம்.

என் ஆட்டம் ஒரே வருஷத்தில் முடிந்தது. பெரியவளாகிவிட்ட பெண் மைதானத்தில் சுற்றிச் சுற்றி வருவதாவது என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அந்தப் பிரவீண்குமாரை நான் மறுபடி பார்த்தது 1988-ல், எங்கள் வீட்டு டயனோரா டி.வி.யில்! கையில் கதாயுதம், தலையில் கிரீடம். "அட, இது எங்க பிரவீண்குமார்!" என்று நான் கத்தினதில் மாமியார் திடுக்கிட்டு, "சும்மா இரும்மா, பீமன்மா அது" என்றார்கள்.

அன்று ராத்திரி சப்பாத்தி இட்டுக்கொண்டே மருமகளுக்கு நான் சொன்னது அந்தப் பீமனின் கதையைத்தான். அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் அவர் வாழ்க்கையில் ஏதாவது ஒரு பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் இனிப்பான பதில் இல்லை. அதையும் மறைக்காமல்தான் சொன்னேன்.

பிரவீண்குமார் சோப்தி பிறந்தது 1947 டிசம்பர் 6-ம் தேதி. ஊர், பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கத்து ஸர்ஹாலி கிராமம். இப்போது தரண் தாரண் மாவட்டத்தில் இருக்கிறது. நாடு இரண்டாகப் பிரிந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. எல்லையோர மாவட்டம். எத்தனை குடும்பங்கள் வந்தும் போயும் கலங்கியிருந்த நேரம்! அந்த நேரத்தில் ஒரு தாய் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வளர்த்திருக்கிறாள் என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

அந்த அம்மாவைப் பற்றி மகனே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பால், தயிர், வீட்டில் உருக்கின நெய், இதுதான் சாப்பாடு. ஜிம் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மா தானியம் அரைக்கிற திரிகை இருந்தது. நம் பாட்டிமார் உளுந்து உடைப்பார்களே, முளைக்குச்சியைப் பிடித்துச் சுற்றுகிற கல், அதேதான். அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கித்தான் பையன் உடம்பை ஏற்றியிருக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சூரியன் வருகிற வரைக்கும்! அந்த உடம்பைப் பார்த்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் பையனை விளையாட்டுப் போட்டிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். ஆரம்பம் இவ்வளவுதான். ஒரு திரிகைக் கல், ஒரு அம்மா, கண் உள்ள ஒரு ஆசிரியர்.

(பையன் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அந்த அம்மா மாவுக்கு என்ன செய்தார்களோ! எங்கள் வீட்டில் அம்மிக் குழவியை எடுத்து ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்ததற்கே நான் அடி வாங்கியிருக்கிறேன்.)

அப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. 1966 ஆகஸ்டில் ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில் காமன்வெல்த் போட்டி. அப்போதைய பெயர் வேறு நீளம், அதை விடுங்கள். அதில் சங்கிலிக் குண்டு எறிதலில் பிரவீண்குமாருக்கு வெள்ளிப் பதக்கம். வயது பதினெட்டு! ஏழே கால் கிலோ இரும்புக் குண்டைக் கம்பியில் கட்டி, தலையைச் சுற்றிச் சுழற்றி விடுவது அது. அதே வருஷம் டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பத்தொன்பதாவது பிறந்த நாள் முடிந்து சில நாள்தான். வட்டு எறிதலில் தங்கம், சங்கிலிக் குண்டில் வெண்கலம். அடுத்த வருஷம், 1967-ல், அர்ஜுனா விருது. பீமனுக்கு அர்ஜுனா விருது என்று பிற்பாடு நாங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

நாலு வருஷம் கழித்து மறுபடி பாங்காக், மறுபடி வட்டில் தங்கம். எங்கள் டீச்சர் கத்தரித்த படம் அந்தச் செய்தியில் வந்ததுதான். தூரம் 52.38 மீட்டர். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டு வாசலைத் தாண்டிப் போய் விழும். ஆண்கள் வட்டு இரண்டு கிலோ என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டு எறிவது கைபலம் என்று நினைக்கிறோம் இல்லையா? இல்லவே இல்லை. வட்டைக் கையால் இறுக்கிப் பிடிக்கவே முடியாது. விரல்களின் கடைசிக் கணுவில் சும்மா தொங்கும். இரண்டரை மீட்டர் அகல வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, காலில் பிறந்த பலம் இடுப்புக்கு ஏறி, இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறி, கடைசியில்தான் கைக்கு வரும். ஆட்டுக்கல்லில் மாவாட்டினவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கையால் மட்டும் ஆட்டினால் அரைப்படிக்குள் தோள் விட்டுப்போகும். இடுப்பும் சேர்ந்து சுற்றினால்தான் மாவு அரையும். எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். "வீட்டில் எப்படி ஆட்டுறியோ அப்படிச் சுத்துடி!"

ஒலிம்பிக்கிலும் இரண்டு தரம் கலந்துகொண்டார். 1968 மெக்ஸிகோ, 1972 மியூனிக். அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஐரோப்பா, அமெரிக்கா வீரர்கள் எறிந்த தூரமே வேறு. 1974-ல் டெஹ்ரானில் ஆசியப் போட்டி. வட்டை 53.64 மீட்டர் எறிந்தார். முன்னால் தங்கம் வாங்கின இரண்டு தடவையையும்விட அதிகம்! ஆனால் கிடைத்தது வெள்ளி. ஈரான் வீரர் இன்னும் தூரம் எறிந்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தைக் கேட்டு மருமகள் சப்பாத்திக் கட்டையை நிறுத்திவிட்டு, "அடப் பாவமே" என்றாள். எனக்கும் அதுதான் மனதில் நிற்கிறது. தன் பழைய தங்கத்தையே மிஞ்சின எறி, இரண்டாவது இடம்.

இத்தனைக்கும் அன்றைக்கு அவரை வீதியில் பார்த்து அடையாளம் சொல்ல ஆள் கிடையாது. டி.வி. ஏது? மதராஸிலேயே டி.வி. நிலையம் வந்தது 1975-ல்தான். ஆசியாவிலேயே முதலாவதாக வந்தவர் என்பது பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. எல்லைப் பாதுகாப்புப் படையில் உத்தியோகம், மாசச் சம்பளம். அந்தக் காலத்து விளையாட்டு வீரர்கள் பலருக்கும் இப்படி ஒரு வேலைதான் சோறு போட்டது.

களத்தை விட்ட பிறகு அடுத்தது என்ன? ஆறரை அடி உயரம், அதற்கேற்ற அகலம். சினிமாக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? இயக்குநர் ரவிகாந்த் நாகாய்ச்சின் இந்திப் படம் ஒன்றில் முதல் வாய்ப்பு. வசனமே கிடையாது! வந்து நின்றால் போதும். அப்புறம் ஜிதேந்திரா நடித்த 'ரக்ஷா', அமிதாப் பச்சனின் 'ஷாஹென்ஷா' என்று வரிசையாகப் படங்கள். பெரும்பாலும் அடியாள் வேஷம். கதாநாயகன் கடைசியில் அடித்துச் சாய்க்க ஒரு மலை வேண்டும், அந்த மலை இவர். ஆசியாவை ஜெயித்தவர் ஒவ்வொரு படத்திலும் யாரிடமாவது தோற்றுக்கொண்டிருந்தார். குறைத்துச் சொல்லவில்லை. ஒரு உடம்பை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த வேண்டியவர் என்ன வேலை கிடைக்கிறதோ அதைத்தானே செய்வார்?

அப்போதுதான் பி.ஆர். சோப்ரா மகாபாரதம் எடுக்கக் கிளம்பினார். பீமனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, இவர் போய் நின்றிருக்கிறார். தேடல் அங்கேயே முடிந்தது.

1988 அக்டோபர் 2-ல் தொடங்கி 1990 ஜூன் 24 வரைக்கும் 94 பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் உங்களில் பலருக்கு இன்னும் அந்தச் சங்கொலி காதில் கேட்கும். எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீடு நாலோ ஐந்தோ. எங்கள் கூடத்தில் பாய் விரித்து இருபது பேர். இட்லிப் பானையை எட்டு மணிக்கே இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்படி ஆகிவிடும். இந்தி யாருக்கும் தெரியாது. எதற்குத் தெரிய வேண்டும்? கதைதான் தெரியுமே! மாமியார் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். "இப்போ துகிலை உரியப் போறான் பாரு... பீமன் சும்மா இருக்க மாட்டான் பாரு..." சபையில் திரௌபதி அழும்போது பீமன் பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணனுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பானே, அந்த இடம். வசனம் இல்லாமல் நின்று பழகினவர் அல்லவா, அந்தக் கோபம் முழுக்க உடம்பிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிச்சு நாலு போடு போடேன்டா" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினார்கள்.

அப்போது என் பையனுக்கு ஆறு வயது. 'பீமன் சாப்பிடுவான், நீயும் சாப்பிடு' என்று சொல்லி எத்தனை உருண்டை கூடுதலாக உள்ளே தள்ளியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த ஆறு வயசுப் பையன்தான் இன்று இந்தப் பேத்தியின் அப்பன். அவன் தொப்பைக்கு அந்த உருண்டைகளும் ஒரு காரணம் என்று மருமகள் சொல்கிறாள். இருக்கலாம்.

பாரதம் முடிந்து நாலே மாசம். 1990 தீபாவளிக்குக் கமல்ஹாசன் நாலு வேஷம் போட்ட 'மைக்கேல் மதன காமராஜன்'. இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ், வசனம் கிரேஸி மோகன். அதில் பணக்கார மதனுக்கு மெய்க்காப்பாளன் யார் தெரியுமா? நம் பீமன்! படத்திலும் பெயர் பீம்தான். அடிக்க வந்தவர்களுக்குச் சிம்ம சொப்பனம், முதலாளிக்குக் குழந்தை. டில்லியிலோ பம்பாயிலோ அவரை என்னவாக நினைக்கிறார்களோ, நமக்கு அவர் 'பீம் பாய்'. இன்றைக்கும் டி.வி.யில் அந்தப் படம் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் எழுந்து போவதில்லை.

அதற்குப் பின்னும் நடித்தார். 2002-ல் வந்த 'சாச்சா சௌத்ரி' இந்தித் தொடரில் சாபு என்கிற ராட்சச உடம்புக்காரர் வேஷம், குழந்தைகளுக்குப் பிடித்தது. 2013-ல் டில்லி சட்டசபைத் தேர்தலில் வஜீர்பூர் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார், பிறகு பா.ஜ.க.வில் சேர்ந்தார். அந்த அத்தியாயத்தில் சொல்ல அதிகம் இல்லை.

2020-ல் ஊரடங்கு வந்ததே, அப்போது தூர்தர்ஷனில் மகாபாரதத்தை மறுபடி போட்டார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்த என் பேத்தி, அப்போது எட்டு வயது, என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். "அப்பத்தா, இந்த மாமா நிஜமாவே பலசாலியா?" என்றாள். நிஜமாகவே பலசாலி, வட்டு எறிந்து தங்கம் வாங்கினவர் என்றேன். வட்டு என்றால் என்ன என்றாள். சமையலறையிலிருந்து ஒரு சில்வர் தட்டை எடுத்து வந்து, விரல் கணுவில் எப்படித் தொங்கவிடுவது என்று காட்டினேன். யோசித்துப் பார்த்தால் இந்த வம்பை இழுத்துவிட்டதே நான்தான்! மருமகளிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இனி வருவது கசப்பு. கடைசி வருஷங்களில் அவர் வீட்டோடு இருந்தார். முதுகெலும்புக் கோளாறு. சாப்பாட்டில் ஏகப்பட்ட கட்டுப்பாடு, நெய்யும் தயிருமாக வளர்ந்தவருக்கு! வீட்டில் மனைவிதான் பார்த்துக்கொண்டார். இறப்பதற்குச் சில மாசங்களுக்கு முன் ஒரு பேட்டியில் மனம் விட்டுப் பேசினார். ஒரு காலத்தில் எல்லோருக்கும் பீமனைத் தெரியும், இப்போது எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று. பதக்கம் வாங்கின வீரர்களுக்குப் பஞ்சாபில் தருகிற ஓய்வூதியம் தனக்கு மட்டும் தரப்படவில்லை என்றும் சொன்னார். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, ஆனால் செலவுக்கு அது போதவில்லை. 2022 பிப்ரவரி 7-ம் தேதி ராத்திரி டில்லியில் மாரடைப்பால் காலமானார். வயது 74.

இதைச் சொல்லி முடித்தபோது மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டதுக்கு நீங்களே சாட்சி சொல்றீங்களே அத்தை" என்றாள். முதுகும் போச்சு, ஜெயித்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறாள். நியாயம்தானே?

முதுகை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள், அதுவும் வட்டுதான்! பல வருஷம் பாரத்தோடு இடுப்பை முறுக்கி முறுக்கிச் சுற்றினால் அந்த உள் வட்டு தேயலாம், பிதுங்கலாம். வயசானாலும் தேயும். அவருக்கு எதனால் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் என் முதுகைப் பற்றி எனக்குத் தெரியும். நான் வட்டு எறிந்தது ஒரே வருஷம். முப்பத்தெட்டு வயதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாசம் கிடந்தேனே, அது எதனால்? குழாயடியிலிருந்து இடுப்பில் குடம், கையில் வாளி, இருபது வருஷம். முட்டியை மடக்காமல் குனிந்து தூக்கின பழக்கம். இன்றைக்கும் நிரம்பின கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட முப்பது கிலோ. அதை இடுப்பை வளைத்து இழுக்காத வீட்டுப் பெண் எத்தனை பேர்? அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்டுத் தாள் அனுப்பவில்லை! குழந்தை வட்டு எறிந்தால், முதலில் உடம்பைச் சூடு பண்ணி, முட்டியை மடக்கப் பழக்கி, வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் பலப்படுத்தித்தான் நல்ல மாஸ்டர் வட்டைக் கையில் கொடுப்பார். எங்களுக்குக் குடத்தைக் கொடுத்தபோது யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

ஆம்பளை உடம்பு ஆகிவிடும் என்பது வெறும் பயம். ஆண்களுக்குத் தசை பருக்கக் காரணமான ஹார்மோன் பெண்களுக்கு மிகக் கொஞ்சம்தான் சுரக்கிறது. தோள் கொஞ்சம் அகலமாகும், கால் உறுதியாகும், எலும்பு கெட்டிப்படும். வளர்கிற வயதில் எலும்பு கெட்டிப்படுவது பெண்ணுக்கு ஆயுசுக்கும் லாபம். கவனிக்க வேண்டியது வேறே. பயிற்சி அதிகமாகி சாப்பாடு குறைந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகலாம். விளையாடுகிற பெண்ணுக்கு அது சகஜம் என்று விடக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, விளையாட்டை விட்ட பிறகும் பழைய அளவே சாப்பிடுகிற பழக்கம். உழைப்பு நின்ற அன்றே தட்டும் சின்னதாக வேண்டும். எத்தனையோ பழைய வீரர்களுக்கு எடையும் இரத்த அழுத்தமும் ஏறுவது அங்கேதான்.

ஜெயித்து என்ன பண்ணுவது என்ற கேள்விக்கு எனக்கு முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். 2010-ல் டில்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் வட்டு எறிதலில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் நம் நாட்டுப் பெண்களுக்கே வந்தன. தங்கம் வாங்கின கிருஷ்ணா பூனியா அப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். பயிற்சி கொடுத்தவர் அவர் கணவர். 61.51 மீட்டர். காமன்வெல்த் தடகளத்தில் தங்கம் வாங்கின முதல் இந்தியப் பெண் அவர்தான். கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, அதன் பிறகு! பதிமூன்று வயதில் வட்டைக் கீழே வைத்த எனக்கு அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமை இல்லை. என்னவோ... வெறுமனே மைதானத்துக்குப் போய் ஒரு தரம் சுற்றிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இதையெல்லாம் மருமகள் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசிச் சப்பாத்தியைப் போட்டுவிட்டு, "அந்தம்மா எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க அத்தை?" என்றாள்.

"எந்தம்மா?"

"பீமனோட அம்மா. பையன் மூணு மணிக்கு எந்திரிச்சான்னீங்களே. அப்போ அவங்க?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது வருஷமாக அந்த மனிதரைப் பார்க்கிறேன், அந்தத் திரிகைக்குச் சொந்தக்காரியை ஒரு தரம்கூட இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜ் மேலே தாள் இல்லை. பயிற்சி காலை ஆறு மணிக்கு. ஐந்தரைக்குள் பிள்ளை வயிற்றில் என்ன போடுவது என்று இப்போது எங்கள் இருவருக்கும் தகராறு. வெறும் வயிற்றில் ஓடக்கூடாது, நிறையச் சாப்பிட்டும் ஓடக்கூடாது. நான் ஒரு வாழைப்பழமும் ராத்திரி ஊறவைத்த நாலு பாதாமும் போதும் என்கிறேன். அவள் ராகிக் கஞ்சிதான் என்கிறாள். பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு இரண்டு முட்டையும் இட்லியும் என்பதில் மட்டும் ஒற்றுமை. பேத்தி இரண்டையும் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

போன சனிக்கிழமை அவளோடு நானும் மைதானத்துக்குப் போனேன். வட்டை ஒரு தரம் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே ஒரு கிலோதான். அந்த நாளைவிட எவ்வளவோ கனமாக இருந்தது.